தாலிபானை வளர்த்தது அந்நியப் படையா, உள்ளூர் லஞ்சமா?

17 ஆகஸ்ட் 2021, காலை

நகரியிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருப்பது: "முந்தாநாள் காபூல் விழுந்துவிட்டது. இருபது வருஷமாகப் பணம் கொட்டி வளர்த்த ராணுவம், காகிதத்தில் மூன்று லட்சம் பேர், பத்து நாளில் எங்கே போனார்கள்? தாலிபானை உருவாக்கியதே அமெரிக்காதான், அதனிடமே அது தோற்றது என்று எங்கள் அப்பா சொல்கிறார். விஷயம் அவ்வளவுதானா?"

17 ஆகஸ்ட் 2021, இரவு

அவ்வளவு இல்லை தம்பி. அப்பா சொல்வதில் பாதி சரி. மீதியில் கொஞ்சத்தை நான் நேரில் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன்.

2010 தொடக்கத்திலிருந்து இரண்டு வருஷம் காந்தகார் விமானதளத்தில் இருந்தேன். ராணுவ வேலை இல்லை. ராணுவம் ஒரு பெரிய கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் கொடுக்கும். அந்தக் கம்பெனி துபாயில் இன்னொருவருக்குக் கொடுக்கும். அவர் வேறொருவருக்குக் கொடுப்பார். அந்த மூன்றாவது ஆளின் கீழே நாங்கள்: நேபாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள், மலையாளிகள், என்னைப் போல நாலைந்து தமிழர்கள். லாரியில் வரும் சரக்கை யார்டில் எண்ணிச் சீட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. தண்ணீர் பாட்டில், டின் உணவு, ஜெனரேட்டர் உதிரி, கூடாரச் சாமான்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. மாநிலம் கேரளம், வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ். அப்பா லாரி ஓட்டினார். பத்து வயதிலிருந்து லீவு நாளெல்லாம் நான் அவருக்குக் கிளீனர். அதனால் காந்தகாரில் என்னிடம் பேசியவர்கள் லாரிக்காரர்கள்தான். பாகிஸ்தானிலிருந்து சமன் எல்லை வழியாக ஸ்பின் போல்டக் கடந்து வருவார்கள். உருது தெரியும் அவர்களுக்கு. என் அரைகுறை ஹிந்தி அதற்குப் போதும்.

ஒருவர், என் அப்பா வயது, தாடி முழுக்க நரைத்தவர். எல்லையிலிருந்து எங்கள் தளத்துக்கு நூறு கிலோமீட்டர்கூட இருக்காது. வழியில் எத்தனை இடத்தில் காசு என்று கேட்டேன். விரலை மடக்கிக்கொண்டே போனார். எல்லைப் போலீஸ், நெடுஞ்சாலைப் போலீஸ், ஒரு தளபதியின் ஆட்கள், அதே தளபதியின் மச்சான் ஆட்கள், தாலிபான். கடைசிப் பெயரைச் சொல்லும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். ரசீது. தேதி போட்டு, லாரி நம்பர் போட்டு, முத்திரை வைத்திருந்தது. "இதைக் காட்டினால் அடுத்த இடத்தில் அவர்கள் கேட்கமாட்டார்கள். போலீஸ் ரசீது தரமாட்டான். திரும்பி வரும்போது அவனே மறுபடியும் கேட்பான்."

அதைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு எல்லையில் ஒரு செக்போஸ்ட்டில் நிற்போம். பில் புத்தகத்துக்கு நடுவில் நோட்டை மடித்து வைத்து நீட்டுவார். பில் சரியாக இருக்கும், எடை சரியாக இருக்கும், இருந்தாலும் மாமூல் வைக்காவிட்டால் காலையில் வந்த லாரி சாயங்காலம்வரை வெயிலில் நிற்கும். ஒரு தடவை வைக்கவில்லை. பத்தொன்பது மணிநேரம் நின்றோம். அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துப் படுத்திருந்தார்.

அந்த இரவில் துப்பாக்கியோடு ஒருவன் வந்து, "இனி இந்த ரோட்டில் ஒரே ஒரு தடவை கொடு, நான் ரசீது தருகிறேன்" என்று சொல்லியிருந்தால், அப்பா அவனை என்னவென்று நினைத்திருப்பார்? பல வருஷமாக என்னிடம் இருக்கும் கேள்வி இது.

18 ஆகஸ்ட் 2021

தம்பியின் அப்பா சொன்ன முதல் பாதிக்கு வருகிறேன். "அமெரிக்கா உருவாக்கியது" என்பதில் தேதி ஒட்டவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை உள்ளே வந்தது, 1989 பிப்ரவரியில் வெளியே போனது. நடுவில் அமெரிக்காவும் சவுதியும் கொடுத்த பணமும் ஆயுதமும் ஜியா உல் ஹக்கின் பாகிஸ்தான் வழியாகப் போயின. 1986லிருந்து ஸ்டிங்கர் ஏவுகணையும் போனது. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்தது பாகிஸ்தான் உளவுத்துறை. இருப்பதிலேயே கடும்போக்குக்காரரான ஹெக்மத்யாருக்குப் பெரிய பங்கு கொடுத்தார்கள். வாங்கியவர்கள் சோவியத்தை எதிர்த்துச் சண்டை போட்ட முஜாகிதீன் தளபதிகள். தாலிபான் என்ற பெயரில் இயக்கம் வந்தது 1994இல். சோவியத் போய் ஐந்து வருஷம் கழித்து.

தாலிபானைத் தொடங்கிய முல்லா ஓமர் சோவியத்துக்கு எதிராகச் சண்டை போட்டு ஒரு கண்ணை இழந்தவர். அந்தத் தொடர்பு உண்டு. ஆனால் இயக்கத்தைப் பிறக்கவைத்தது வேறு. அந்நியர் கொடுத்த துப்பாக்கியோடு தளபதிகள் ஊருக்குள் தங்கிவிட்டார்கள். காந்தகார் ரோட்டில் ஆளுக்கொரு சங்கிலி கட்டிச் சுங்கம் வாங்கினார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சங்கிலிகளை அறுத்தவர்கள் என்ற பெயரோடுதான் தாலிபான் நுழைந்தது. லாரி முதலாளிகளும் வியாபாரிகளும் அவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். ரோடு திறந்தால் போதும் என்று நினைத்தார்கள்.

20 ஆகஸ்ட் 2021

நேற்று எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். காபூல் விமான நிலையத்து வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு எழுத முடியவில்லை. அந்த ஓடுபாதையில் ஓடுகிறவர்களில் எத்தனையோ பேர் எங்களைப் போல யார்டில் நின்றவர்களாக இருக்கும்.

என்னை இன்றைக்கும் கோபப்படுத்தும் ஒரு விஷயம் குல் அகா ஷெர்சாய். 1992க்குப் பிறகு காந்தகாருக்கு ஆளுநராக இருந்தவர். அவருடைய காலத்துச் சங்கிலிகளையும் அடாவடியையும் காட்டித்தான் 1994இல் தாலிபான் ஊரைப் பிடித்தது. ஏழு வருஷம் கழித்து, 2001 டிசம்பரில், அமெரிக்கச் சிறப்புப் படையின் துணையோடு அதே மாளிகைக்குள் அதே ஷெர்சாய் திரும்ப வந்து ஆளுநராக உட்கார்ந்தார்.

ஊர்க்காரன் இடத்தில் நின்று பாருங்கள். விடுதலை கொடுக்க வருகிறோம் என்று ஆகாயத்திலிருந்து குண்டு போட்டு ஒரு நாடு வருகிறது. வந்த கையோடு, நீ யாரிடமிருந்து தப்பித்தாயோ அவனையே கூட்டிக்கொண்டு வந்து உன் தலையில் வைக்கிறது.

அந்தச் சமயத்தில் தாலிபான்களில் நிறையப் பேர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனியின் பான் நகரத்தில் நடந்த 2001 பேச்சுவார்த்தைக்கு அவர்களைக் கூப்பிடவில்லை. சும்மா வீட்டில் இருந்தவனை ராத்திரியில் கதவை உடைத்துப் பிடித்தார்கள். பிடித்துக் கொடுத்தால் பணம் என்று நோட்டீஸ் போட்டதால், பழைய நிலத் தகராறுக்கும் குடும்பப் பகைக்கும் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. யார்டில் கூலிக்கு வந்த ஒரு பையன் தன் மாமாவை அப்படிப் பிடித்துக்கொண்டு போனதாகச் சொன்னான். மூன்று வருஷம் கழித்து விட்டார்களாம். மாமா திரும்பி வந்தார், மாமாவின் மூத்த மகன் அதற்குள் மலைக்குப் போய்விட்டான்.

21 ஆகஸ்ட் 2021

கோவையிலிருந்து ஒருவர், "மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, காரணம் அதுதானே" என்கிறார்.

மதம் இல்லாமல் தாலிபான் இல்லை. பெண்களுக்குப் பள்ளிக்கூடத்தை மூடியவர்களுக்கு லஞ்சத்தைக் காரணம் காட்டி யாரும் மன்னிப்பு வாங்கித் தரமுடியாது. அதற்கு நான் இங்கே உட்காரவும் இல்லை. ஆனால் அந்த மதம் அங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிறது, இயக்கம் 1994இல் வந்தது. நடுவில் என்ன மாறியது என்று பார்க்கவேண்டாமா?

சோமாலியாவைப் பாருங்கள். 2006இல் மொகதிசுவில் இஸ்லாமிய நீதிமன்றங்கள் என்று ஒரு கூட்டமைப்பு ஆட்சிக்கு வந்தது. அதில் எல்லா விதமான ஆட்களும் இருந்தார்கள். அந்த டிசம்பரில் எத்தியோப்பியா அமெரிக்க ஆதரவோடு படையெடுத்து அதைக் கலைத்தது. மிதவாதிகள் நாட்டைவிட்டு ஓடினார்கள். தங்கி நின்று சண்டை போட்டது இளைஞர் பிரிவு. அதுதான் அல் ஷபாப். பதினைந்து வருஷமாகியும் அழியவில்லை.

நைஜீரியாவில் எந்த அந்நியப் படையும் வரவில்லை. எண்ணெய்ப் பணம் மேலேயே நின்றுவிட்டது. வடகிழக்கில் பள்ளிக்கூடமும் இல்லை, வேலையும் இல்லை. போக்கோ ஹராம் இயக்கத்தைத் தொடங்கிய முகமது யூசுஃப் திட்டிப் பிரசங்கம் செய்ததில் முக்கியமான ஒன்று போலீஸின் ஊழல். 2009 ஜூலையில் ராணுவம் அவரைப் பிடித்துப் போலீஸிடம் கொடுத்தது. போலீஸ் காவலில் வைத்தே கொன்றது. அதற்கு அப்புறம் வந்தவர்கள் அவரைவிடப் பல மடங்கு கொடூரமானவர்கள்.

அந்நியப் படை, உள்ளூர் ஊழல். இரண்டில் ஒன்று இருந்தாலே தீப்பிடிக்கிறது. ஆப்கானிஸ்தானில் இரண்டும் ஒரே கைக்குள் இருந்தன. அதைப் பற்றி எழுத நான் கணக்கு எழுதிவைத்த நோட்டைத் தேடவேண்டும்.

23 ஆகஸ்ட் 2021

நோட்டு கிடைத்தது. இது கொஞ்சம் நீளும்.

முதலில் லாரிக் கான்ட்ராக்ட். அமெரிக்கப் படைக்கு வரும் சரக்கில் 70 சதவீதம் அளவுக்கு உள்ளூர் லாரிகளில் கொண்டுவர 216 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ரோட்டுப் பாதுகாப்பும் லாரி கம்பெனிகளின் பொறுப்பு. அவர்கள் தளபதிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். தளபதிகள் ரோடு அமைதியாக இருக்கத் தாலிபானுக்குக் கொடுத்தார்கள். நான் அங்கே போன வருஷமே, 2010 ஜூனில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக் குழு ஒன்று இதை விசாரித்து அறிக்கையே போட்டுவிட்டது. அதாவது, சுடுகிறவனுக்கும் சுடப்படுகிறவனுக்கும் ஒரே கஜானாவிலிருந்து படி போனது. அது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

அடுத்தது சாதாரண ஜனங்கள். ஐ.நா.வின் குற்றத் தடுப்பு அலுவலகம் அந்த வருஷ ஜனவரியில் ஒரு கணக்கெடுப்பு வெளியிட்டது. ஒரே வருஷத்தில் ஆப்கன் மக்கள் கொடுத்த லஞ்சம் 250 கோடி டாலர். அந்த நாட்டின் மொத்த உற்பத்தியில் நாலில் ஒரு பங்குக்குப் பக்கம்.

அப்புறம் காபூல் வங்கி. போலீஸ், ஆசிரியர், சிப்பாய் சம்பளமெல்லாம் அதன் வழியாகத்தான் போனது. ஜனங்கள் போட்ட பணத்தைப் பங்குதாரர்கள் தங்களுக்குள் கடனாக எடுத்துக்கொண்டு துபாயில் வீடு வாங்கினார்கள். 2011இல் வெளியே வந்தபோது ஏறக்குறைய 90 கோடி டாலர் ஓட்டை. பயனடைந்தவர்களில் ஜனாதிபதியின் அண்ணனும் துணை ஜனாதிபதியின் சகோதரரும் இருந்தார்கள்.

நம் ஊரிலும் லஞ்சம் உண்டே, நாம் என்ன துப்பாக்கியா தூக்கினோம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். எனக்குப் பட்ட வித்தியாசம் இது. இங்கே அரசாங்கம் எவ்வளவு தின்றாலும் நம் வரியும் நம் ஓட்டும் அதற்கு வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது மெம்பர் வீட்டு வாசலுக்கு வந்து கைகூப்புகிறார். காபூல் அரசாங்கத்துக்குச் சம்பளம் வாஷிங்டனிலிருந்து வந்தது. கிராமத்தான் வரி கட்டினாலும் கட்டாவிட்டாலும் அதற்கு ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட அதிகாரி கிராமத்தானுக்கு எதற்குப் பயப்படவேண்டும்? அவன் பயப்படவேண்டியது அறிக்கை எழுதும் வெள்ளைக்காரனுக்கு. அவனுக்கோ கணக்கு முழுசாக இருந்தால் போதும். அந்நியத் தலையீடும் ஊழலும் இரண்டு தனிக் காரணங்கள் என்று இந்த இழையின் தலைப்பு பிரிக்கிறது. காந்தகாரில் நான் பார்த்தது, ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போட்டதை.

தாலிபான் அந்த இடைவெளியில் முதலில் கொண்டுவந்து வைத்தது நீதிமன்றம். நிலத் தகராறு என்றால் அரசு கோர்ட்டில் இரண்டு பக்கமும் நீதிபதிக்குக் கொடுக்கவேண்டும், வருஷக்கணக்கில் அலையவேண்டும். தாலிபானின் நீதிபதியான காஜி மோட்டார் சைக்கிளில் வருவார், இரண்டு பக்கமும் கேட்பார், சில நாளில் முடிப்பார். தீர்ப்பு கொடூரமாக இருக்கலாம். எதிர்த்துப் பேசினால் உயிர் போகும். இருந்தாலும் காசு கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் அங்கே போனார்கள். தாலிபானை வெறுத்தவர்களும் போனார்கள்.

என் பங்கையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை. யார்டுக்கு வரும் லாரிகளில் பாதி குறைச்சலாகத்தான் வரும். வழியில் இறக்கி விற்றுவிடுவார்கள். சீட்டில் பதினெட்டு பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) என்றிருக்கும், லாரியில் பதினான்கு இருக்கும். சூப்பர்வைசர், "முழுசாப் போடு" என்பார். நான் போட்டேன். ஏஜென்ட்டுக்குக் கட்டிய ஒன்றரை லட்சம் ரூபாய் வட்டிக்கு வாங்கியது. துபாயில் ஹோட்டல் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு காந்தகார் விமானத்தில் ஏற்றியிருந்தார்கள். வேலை போனால் திரும்பி வர வழியில்லை. இரண்டு வருஷத்தில் எத்தனை நூறு பொய்ச் சீட்டில் என் கையெழுத்து இருக்கிறதென்று எண்ணிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவை மறுத்தேன். அதை இப்போது எழுதும் மனநிலை இல்லை.

24 ஆகஸ்ட் 2021

திருத்தம். காபூல் வங்கியில் ஜனங்கள் பணம் எடுக்க முட்டிமோதியது 2010 செப்டம்பரில். நேற்று 2011 என்று எழுதிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எங்கள் யார்டு கூலிக்காரர்களின் அண்ணன்களும் மாமாக்களும். தேதியை நான் மறந்திருக்கக்கூடாது.

2 செப்டம்பர் 2021

பாறசாலை அக்கா ஈராக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அக்காவின் உறவுப் பெண் ஒருவர் நர்ஸாக அங்கே இருந்திருக்கிறார்.

ஈராக் கதை இன்னும் வேகமானது. 2003 மார்ச்சில் படையெடுப்பு. மே மாதம், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் இரண்டு உத்தரவு போட்டார். முதலாவது சதாமின் பாத் கட்சிக்காரர்களை அரசு வேலையிலிருந்து நீக்கியது, இரண்டாவது ராணுவத்தையே கலைத்தது. நாலு லட்சம் பேர் அளவுக்கு வேலை போனது. சம்பளம் இல்லை, மரியாதை இல்லை, ஆயுதம் எங்கே புதைத்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். பத்து வருஷம் கழித்து ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) இயக்கத்தின் தளபதிகளைப் பார்த்தால், பழைய சதாம் ராணுவத்து ஆட்கள் வரிசையாக இருந்தார்கள்.

புதிதாகக் கட்டிய ராணுவம் என்னவாயிற்று? 2014 ஜூனில் தன்னைவிட மிகச் சின்ன ஒரு படையிடம் மோசுல் நகரத்தை விட்டுவிட்டு ஓடியது. அந்த வருஷக் கடைசியில் புதுப் பிரதமர் அபாதி கணக்கெடுத்தபோது, நாலு டிவிஷனில் மட்டும் 50,000 பேர் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள், ஆள் இல்லை. ஈராக்கில் அவர்களுக்கு 'விண்வெளி ஆட்கள்' என்று பெயர். அவர்களுடைய சம்பளம் அதிகாரிகள் பைக்குப் போனது. இந்த இழையை ஆரம்பித்த தம்பியின் 'மூன்று லட்சம் பேர் எங்கே' என்ற கேள்விக்கும் இதுவே பெரிய பதில். காபூல் பட்டியலிலும் அப்படித்தான் நிரப்பியிருந்தார்கள். உண்மையிலேயே நின்றவனுக்கு மாதக்கணக்கில் சம்பளமும் சோறும் தோட்டாவும் போய்ச் சேரவில்லை. அவன் யாருக்காகச் சாகவேண்டும்?

அக்கா, திக்ரித்திலிருந்து 46 நர்ஸுகள் 2014 ஜூலை 5 அன்று கொச்சியில் வந்து இறங்கினார்களே, அன்றைக்கு நான் டிவி முன்னால் அழுதேன். படிப்புக் கடனும் ஏஜென்ட் கடனும் அடைப்பதற்காகச் சண்டை நடக்கும் ஊரில் தங்கிய பிள்ளைகள். அதே நேரம் மோசுலில் பிடிபட்ட கட்டிட வேலைக்காரர்கள் 39 பேர், பெரும்பாலும் பஞ்சாபிகள், திரும்பவே இல்லை. அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் சொன்னது 2018 மார்ச்சில். நாலு வருஷம் அந்த வீடுகளில் விளக்கு வைத்துக் காத்திருந்தார்கள்.

5 செப்டம்பர் 2021

ஈழத்தை ஏன் தொடவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தொடுகிறேன், சுருக்கமாக. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்குப் புனலூர் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்துக் கொடுத்தார்கள். என் நண்பர் குடும்பம் அப்படி வந்தது. அப்படித் திருப்பி அனுப்புவதாகச் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம் போட்ட 1964இல் தங்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவர் பாட்டி கடைசிவரை சொன்னது.

அங்கே லஞ்சத்தைவிடப் பாரபட்சம் பெரியது. பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்களுக்கு இடத்தைக் குறைத்த எழுபதுகளின் தரப்படுத்தல், 1981இல் யாழ்ப்பாண நூலக எரிப்பு, 1983 ஜூலையில் தமிழர்கள்மீது நடந்த கலவரம். அதற்குப் பிறகு நம் நாடே போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்தது, நாலே வருஷத்தில் 1987 ஜூலையில் படையை அனுப்பி அவர்களோடு சண்டை போட்டது, 1990 மார்ச்சில் திரும்பி வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் செத்தார்கள். ஈழத்துச் சனங்களில் செத்தவர்களுக்குச் சரியான கணக்குகூட இல்லை. வெளியாள் கொடுக்கும் துப்பாக்கி யார் கையில் முடியும் என்பது வெளியாளின் இஷ்டப்படி நடப்பதில்லை.

19 செப்டம்பர் 2021

பாலக்காட்டிலிருந்து ஒரு சார் எழுதியிருப்பது என்னைப் பத்து நாளாக யோசிக்கவைத்தது. "2016இல் காசர்கோட்டிலிருந்தும் நம் பாலக்காட்டிலிருந்தும் இருபது பேருக்கு மேல் கிளம்பி ஆப்கானிஸ்தானில் ஐஎஸ்ஸோடு போய்ச் சேர்ந்தார்களே. கைக்குழந்தையோடும் போனார்கள். கேரளத்தில் எந்த அந்நியப் படை குண்டு போட்டது? படித்த பிள்ளைகள், வசதியான வீடுகள். உங்கள் கணக்கு எங்கே நிற்கிறது?"

நிற்கவில்லை சார். ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்ட் 21ஆம் தேதி 'இரண்டில் ஒன்று இருந்தாலே தீப்பிடிக்கிறது' என்று எழுதினேன். இரண்டும் இல்லாத இடத்திலிருந்தும் போயிருக்கிறார்கள். கொள்கைப் பிரசாரத்துக்கென்று தனி பலம் உண்டு. அடுத்தவன் நாட்டில் நடக்கும் கொடுமையை வீடியோவில் பார்த்துத் தன் கொடுமையாக எடுத்துக்கொள்ளும் மனசு உண்டு. நான் அதைக் குறைத்து எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கேரளத்தில் அவர்களுக்கு ஒரு தெருகூடக் கிடைக்கவில்லை. காணவில்லை என்று போலீஸுக்குப் போனவர்கள் அவர்களைப் பெற்றவர்களே. அவர்கள் சண்டை போட ஆப்கானிஸ்தானின் நங்கர்ஹாருக்குப் போகவேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கேதான் ஏற்கெனவே அரசாங்கம் செத்துக்கிடந்தது. தனி ஆள் தீவிரவாதி ஆவதற்குப் பல காரணம் இருக்கும். அவன் பின்னால் ஒரு மாவட்டமே வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே காரணம், அந்த மாவட்டத்துக்குப் போலீஸைக் கூப்பிட மனசில்லாமல் போவது. பழைய வாக்கியத்தை அழிக்கவில்லை. இதையும் சேர்த்துப் படியுங்கள்.

22 செப்டம்பர் 2021

அதே சார் பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடியைக் கேட்கிறார். என் சின்னம்மா வீடு அகளிப் பக்கம், ஆனைகட்டி தாண்டினால் வந்துவிடும். அதனால் இதைத் தெரிந்தவனாக எழுதுகிறேன்.

1951இல் அட்டப்பாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர். இன்றைக்குப் பாதிக்கும் கீழே. நிலம் கைமாறிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்துச் சமவெளியிலிருந்தும் போன நம் ஆட்கள்தான் வாங்கினார்கள். சின்னம்மா வீட்டு நிலமும் அப்படித்தான் வந்திருக்கவேண்டும். பறிபோன நிலத்தைத் திருப்பிக் கொடுக்கக் கேரளம் 1975இல் சட்டம் போட்டது. அதற்கு விதிகள் எழுதவே 1986 ஆனது. நிறைவேற்று என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, 1999இல் சட்டத்தையே மாற்றினார்கள்.

நான் இருபது வயதில் அங்கே பார்த்த ஒரு இருளப் பெரியவர் மஞ்சப்பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு ஒரு ஆபீசுக்கு நடந்துகொண்டே இருந்தார். கரம் (நிலவரி) அடைத்த ரசீது, அப்பா பெயரில் ஒரு பழைய சீட்டு. "அடுத்த வாரம்" என்பார்கள். சித்தப்பா அவருக்கு மனு எழுதிக் கொடுத்தார். "எந்தக் கச்சேரியில கேட்டா கெடைக்கும்?" என்று கேட்டார் பெரியவர். சித்தப்பாவிடம் பதில் இல்லை. சித்தப்பா அந்த மாதிரி ஒருவருடைய நிலத்தில்தான் வாழை போட்டிருந்தார் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

அங்கே மாவோயிஸ்டுகள் வந்தார்கள். பிடிப்பு கிடைக்கவில்லை. 2019 அக்டோபர் கடைசியில் மஞ்சிக்கண்டிக் காட்டில் நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊர்கள் அவர்கள் பின்னால் போகாததற்கு நான் காண்கிற காரணம், ரேஷன் கடை திறந்திருந்தது, ஓட்டு இருந்தது, பேப்பர்காரன் வந்து எழுதினான், கோர்ட்டுக்குப் போக யாராவது இருந்தார்கள். எல்லாம் அரைகுறை. அந்த அரைகுறையே காந்தகாரில் இல்லை. 2018இல் சோறு திருடினான் என்று மது என்ற அட்டப்பாடி ஆதிவாசி இளைஞனை அடித்துக் கொன்றார்களே, அந்த வழக்கு இன்னும் விசாரணைக்குக்கூட வரவில்லை. அது எப்படி முடியப்போகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

9 ஏப்ரல் 2023

ஒன்றரை வருஷம் கழித்து வருகிறேன். மது வழக்கில் போன வாரம் தீர்ப்பு வந்துவிட்டது. மன்னார்க்காடு கோர்ட் 14 பேரைக் குற்றவாளி என்றது, 13 பேருக்கு ஏழு வருஷக் கடுங்காவல். நடுவில் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தபோது நம்பிக்கை போயிருந்தது. மதுவின் அம்மாவும் சகோதரியும் விடவில்லை. ஐந்து வருஷம் கோர்ட் வாசலில் நின்று வாங்கினார்கள்.

நகரித் தம்பி இப்போது படிப்பை முடித்து வேலை தேடுகிறார். தனியாக எழுதிக் கேட்டார்: "அண்ணா, ஒரு தடவை மறுத்தேன் என்று எழுதினீர்களே, அது என்ன?"

2011 ஜூலை. மாகாண சபைத் தலைவர், ஜனாதிபதியின் தம்பி அகமத் வலி கர்சாயை அவருடைய சொந்தக் காவலாளியே சுட்டுக் கொன்ற வாரம். ரோடு இரண்டு நாள் மூடியிருந்தது. மூன்றாவது நாள் அந்த நரைத்த தாடிக்காரரின் லாரி வந்தது. தண்ணீர் பாட்டில். சீட்டில் பதினெட்டு பேலட். எண்ணினேன், ஏழு. பதினான்கு, பதினைந்து என்று வந்தால் போட்டுப் பழகியிருந்தேன். ஏழு என்றதும் கை வரவில்லை. வெயில் நாற்பத்தைந்துக்கு மேல், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஆள் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறான். ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சூப்பர்வைசர் சீட்டைக் கிழித்தார், புதுச் சீட்டு கொடுத்தார். மறுபடியும் ஏழு என்று எழுதினேன். என்னை எந்த வேலைக்கு மாற்றுவார் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சீட்டை நீட்டினார்.

அப்போது லாரிக்காரர் கீழே இறங்கி வந்தார். சூப்பர்வைசரிடம் போகவில்லை, என்னிடம் வந்தார். என் முட்டியைத் தொட்டார், அவர் வயதில் தொடக்கூடாது. பதினொரு பேலட்டையும் இறக்கி விற்றது லாரி முதலாளியின் ஆட்கள், சீட்டு குறைந்தால் அவ்வளவு பணத்தையும் இவர் கூலியில் பிடிப்பார்கள், மூன்று வருஷத்துக்கு வீட்டுக்கு ஒன்றும் போகாது என்றார். முதலாளியின் மைத்துனர் போலீஸில் இருக்கிறார், புகார் சொல்ல இடமில்லை என்றார். தன் கடைசி மகன் தாலிபானோடு போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், இந்த மாசம் பணம் போகாவிட்டால் போய்விடுவான் என்றார்.

சீட்டை வாங்கினேன். பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.